என் மனைவி பெயரில் ஒரு முதலீடு

கோபப்படாமல் இந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. சகலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அவனை நினைத்தாலே எனக்குக் காது சூடாகிவிடும்.

நானும் அவனும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அந்த ஒரு பாவத்துக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் போனை நான் எடுத்தாக வேண்டும். அவனுக்கு மூன்று வீடு. ஒன்றில் இருக்கிறான். இரண்டை வாடகைக்கு விட்டிருக்கிறான். மூன்றைப் பற்றியும் பேசுகிறான். அன்றைக்கும் மூச்சு விடாமல் பேசிவிட்டுக் கடைசியில், "அப்புறம் சகலை, நீங்க இன்னும் அந்த வாடகை வீட்லதானா?" என்றான். அந்த "இன்னும்" என்ற சொல்லை ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்கள், போன் வழியாகக் கையை விட்டு அவன் மீசையைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது.

போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன்.

"முடிவு பண்ணிட்டேன்!" என்று கத்தினேன்.

படுக்கையறை மூலையில் என் மனைவி தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள். யாருடைய சட்டைக்கோ மடிப்புக் குத்திக்கொண்டிருந்தாள். வாயில் வரிசையாகக் குண்டூசிகள்.

"வேலையை விடப்போறேன்."

"ம்?"

"ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆகப்போறேன்."

"ம்ம்?"

"ஏஜென்ட் ஆனா என்ன ஆகும்? ஊர்ல விக்கிற வீடெல்லாம் முதல்ல யார் கண்ணுல படும்? என் கண்ணுல! எது நல்ல வீடு, எது அடிமாட்டு விலை, எல்லாம் எனக்குத்தான் முதல்ல தெரியும். சுமாரானதை ஊருக்குக் காட்டிட்டு, நல்லதை நாம அமுக்கிடணும். விலை ஏறினதும் வித்துடணும். அந்தக் காசுல ரெண்டா வாங்கணும். அஞ்சே வருஷம்! உங்கக்கா புருஷன் நம்ம வீட்ல வாடகைக்கு இருப்பான், பார்த்துக்கிட்டே இரு."

"ம்."

பார்த்தீர்களா? சம்மதம். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இதுதான். வாயில் குண்டூசி இருக்கும்போது அவள் மறுத்துப் பேச மாட்டாள். அதனால் முக்கியமான விஷயங்களை எல்லாம் மடிப்புக் குத்தும் நேரத்தில்தான் எடுப்பேன்.

ஆனால் அன்று குண்டூசி சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"ஏங்க, அந்த வீட்ல நாம இருப்போமா?"

"எந்த வீட்ல?"

"வாங்கப்போறீங்களே, அதுல."

"அடிப்பாவி! முதலீட்ல போய் யாராவது குடியிருப்பாங்களா?"

"வீட்ல குடியிருக்காம வேற என்ன பண்ணுவாங்க?"

"விப்பாங்க!"

"எனக்கு விக்கவெல்லாம் வேண்டாம். ஒரு ஆணி அடிக்கணும். அவ்ளோதான்."

இந்த ஆணி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். சுத்தியல் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டால்கூட ஓடி வந்து எங்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார். அதனால் என் மனைவியின் ஆளுயரக் கண்ணாடியை மாட்ட வழியில்லாமல், தரையில் குறுக்குவாட்டில் படுக்க வைத்துச் சுவரில் சாய்த்திருந்தோம். அளவு பார்க்க வரும் பெண்கள் முழங்காலுக்குக் கீழே மட்டும் தங்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் போனார்கள். வீடு மாறும்போதெல்லாம் அவள் கேட்கிற முதல் கேள்வி, "ஆணி அடிக்கலாமா?" மாறிய எல்லா வீட்டிலும் பதில் ஒன்றுதான்.

"நான் நினைச்ச சுவத்துல, நான் நினைச்ச இடத்துல, யாரையும் கேக்காம ஒரு ஆணி" என்றாள்.

"நான் சாம்ராஜ்யம் கட்டறேன். நீ ஆணியைப் புடிச்சுத் தொங்கறே!"

அவள் டப்பாவைத் திறந்து குண்டூசிகளை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே வேலையை விட்டேன். தண்ணீர் மோட்டார் கம்பெனியில் புகார்ப் பிரிவு. மோட்டார் ஓடாதவன் எல்லாம் எனக்குப் போன் செய்து என் பரம்பரையைத் திட்டுவான். பதிலுக்கு நான், "வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். பல வருடம் வருந்தியதில் எனக்கு இரண்டு லாபம். ஒன்று, இரத்தக் கொதிப்பு. இன்னொன்று, எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் என்ன கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

நான் சேர்ந்த வீடு விற்கும் கடையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவர் நிறைய ஊர் வரைபடம். முதலாளிக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் ஊரான் வீட்டுச் சாவியெல்லாம் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வரும்.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான்யா" என்றார் முதல் நாளே. "நாம காட்டற வீட்டை நாம வாங்கக் கூடாது. விக்கிறவன் நம்மை நம்பிச் சாவியைக் குடுக்கறான். அவனுக்குத் தெரியாம நாமளே அமுக்கினா அது திருட்டு. கண்டுபிடிச்சேன்னா அன்னிக்கே கிளம்பிடணும்."

"சேச்சே! நான் அந்த மாதிரி ஆள் இல்லை சார்" என்றேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. என் திட்டத்தைக் கருவிலேயே கழுத்தை நெரிக்கிறானே! பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில்தான் பொறி தட்டியது. நான்தானே வாங்கக் கூடாது? மனைவி வாங்கலாமே!

நேராகப் படுக்கையறைக்குப் போனேன். குண்டூசி இருந்தது.

"வீட்டை உன் பேர்ல வாங்கப்போறேன்."

அவள் தையலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ம்?"

"உன் பேர்லதான். முழுசா. என் பேரே எங்கயும் வரக் கூடாது."

"ம்ம்!" என்றாள். அப்படி ஒரு அழுத்தமான "ம்" அதற்கு முன் அவள் சொன்னதே இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

சாவிக்கொத்து எனக்குக் கொடுத்த முதல் வீடே ஜாக்பாட். ஒரு பல் டாக்டருடையது. தொழிலை விட்டு ஓய்வில் இருந்தார். மாடியில் அவர் இருந்துகொண்டு, கீழ் வீட்டை மட்டும் விற்க நினைத்தார். பேசும்போது அவர் நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

"நல்ல குடும்பமா பார்த்துக் கொண்டாங்க தம்பி. தலைக்கு மேல நான் இருக்கேன். கீழ சண்டைக்காரங்க வந்தா என் நிம்மதி போச்சு" என்றவர், "மேல் வரிசையில கடைசிப் பல்லு ரெண்டும் தேஞ்சிருக்கே. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ? கோபக்காரரா?" என்று கேட்டார்.

"எனக்கா? கோபமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வீடு தங்கம். முன்னறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம். சமையலறையில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்கலாம். குளியலறையிலிருந்து காற்றுப் போக மாடி வரை ஒரு குறுகலான கூண்டு. அந்தக் கூண்டை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அதையும் ஒரு குறையாகச் சொல்லியிருப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே இருக்கிற காலி இடத்தில் பெரிய மருத்துவமனை வரப்போவதாகக் கடையில் காதில் விழுந்திருந்தது. அது வந்தால் விலை இரண்டு மடங்கு. வெளியே தெரிவதற்குள் வாங்கிவிட வேண்டும். டாக்டர் சொல்லும் விலையோ என் கைக்கு எட்டவில்லை. ஆகவே அவர் மனம் உடைந்து இறங்கும் வரை வேறு யாரும் வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலைக்குத்தான் நான் பிறந்திருந்தேன்.

வீடு பார்க்க வருகிறவர்களை நேராகக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவேன். டாக்டர் காதில் விழக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. முதலில் வந்தவர் பேங்க்காரர், கூட அவர் மனைவி.

"சார், உங்களைப் பார்த்தா நல்லவங்களா தெரியுது. அதனால சொல்றேன். இந்தக் குழாயைத் திறந்தா ராத்திரில ஆள் இருமற மாதிரியே சத்தம் வரும்."

"அய்யய்யோ!" என்றார் அந்த அம்மா.

"முன்னறைல வெளிச்சம் பார்த்தீங்களா? ஆபத்து. சோபாவெல்லாம் ஆறே மாசத்துல வெளுத்துடும். மாடில இருக்காரே, அவர் பல் டாக்டர். உங்க வாயைப் பார்த்துக்கிட்டே இருப்பார். நிம்மதியா ஒரு கொட்டாவி விட முடியாது."

"வீட்டை விக்க வந்த நீங்களே இப்படிச் சொல்றீங்களே?" என்றார் பேங்க்காரர் ஆச்சரியமாக.

"மனசாட்சி சார், மனசாட்சி."

ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த டிரைவர் குடும்பம், புதிதாகக் கல்யாணமான ஜோடி, பள்ளிக்கூட ஆசிரியை, எல்லாரையும் ஓட்டினேன். இதில் ஒரு எரிச்சல் என்னவென்றால், ஓடியவர்கள் ஒழுங்காக வீட்டுக்குப் போகாமல் எங்கள் கடைக்கே திரும்பி வந்தார்கள். "அந்த உண்மை பேசுற ஏஜென்ட் எங்கே? அவரே எங்களுக்கு வேற வீடு காட்டட்டும்" என்று வரிசையில் நின்றார்கள். பேங்க்காரர் தன் மச்சானையும் கூட்டி வந்தார். எனக்கு வந்த ஆத்திரம்! நான் சொந்த வேலையாகத் திருட வந்திருக்கிறேன். இவர்கள் என்னை நேர்மையானவன் என்று சொல்லி நாளெல்லாம் வேலை வாங்குகிறார்கள். வேறு வீடுகள் எல்லாம் என் கையால் மளமளவென்று விற்றுப் போயின. சாவிக்கொத்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சந்தோஷம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மட்டும் விலையில் அசையவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"நாளைக்கு நீ வீடு பார்க்க வரே" என்றேன் மனைவியிடம். "என்னைத் தெரியாத மாதிரி நடிக்கணும். வீடு பிடிக்கலைன்னு மூஞ்சியைச் சுளிக்கணும். பாதி விலைக்குக் கேக்கணும். அவர் நொந்து போகணும்."

"ம்."

வந்தாள். இருக்கிறதிலேயே நல்ல புடவை, கழுத்தில் அளவு டேப். வாசலில் டாக்டரும் நின்றிருந்தார்.

"வாங்க மேடம்" என்றேன்.

"நீங்கதான் புரோக்கரா? செருப்பை ஓரமா விடுங்க. இப்படியா நடுவழில விடறது?"

இதை வீட்டில் தினமும் சொல்கிறாள். அங்கேயுமா? பல்லைக் கடித்தேன். டாக்டர் என் கடைவாயை உற்றுப் பார்த்தார்.

"இந்த ஜன்னல் மேடம்... வெளிச்சம் ரொம்ப ஜாஸ்தி..."

"யார் சொன்னா? ஊசில நூல் கோர்க்க இதைவிட நல்ல வெளிச்சம் எங்க கிடைக்கும்? நீங்க என்னிக்காவது நூல் கோர்த்திருக்கீங்களா?"

"இல்லை மேடம்."

"அப்ப பேசாம இருங்க. டாக்டர், இந்தச் சுவத்துல ஆணி இறங்குமா?"

"அருமையா இறங்கும்மா. செங்கல் சுவரு."

அவள் அந்தச் சுவரைக் கையால் தடவினாள். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மூஞ்சியைச் சுளிக்கச் சொன்னால் முகமெல்லாம் மலர்ந்து நிற்கிறாள்! டாக்டருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், தொண்டையைக் கனைத்தேன்.

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். "நீங்க போய் வெளிய காத்தாட நில்லுங்க. நான் டாக்டர்கிட்டப் பேசிக்கறேன்."

நடுத்தெருவில், வெயிலில் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி எகிறினேன். "மானத்தை வாங்கிட்டியேடி! செருப்பைப் பத்தி உன்னை யாரு பேசச் சொன்னா?"

"தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னீங்க. தெரியாதவங்களைத்தானே தைரியமாத் திட்ட முடியும்?"

"விலை?"

"பேசிக்கிட்டு இருக்கேன்."

பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் டாக்டருக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தாளாம். இன்னொரு நாள் அவர் அவளுடைய பல்லைப் பார்த்து, முத்து மாதிரி இருக்கிறது என்றாராம். நான் கொதித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் வந்து, "இறங்கிட்டாருங்க" என்றாள். எவ்வளவு என்று சொன்னாள். நான் கனவில் கேட்டிருந்த விலையைவிடக் குறைவு. துள்ளிக் குதித்தேன்.

"பார்த்தியா! என் திட்டம்! ஓட்டினேன் பாரு ஒவ்வொருத்தனா, அதுல அவர் உடைஞ்சுட்டார்!"

"ம்" என்றாள். வாயில் குண்டூசி இல்லாமலே.

மோட்டார் கம்பெனி கொடுத்த கடைசிப் பணம், அவளுடைய தையல் சேமிப்பு, மிச்சத்துக்குக் கடன். பத்திரப் பதிவு நடந்தபோது அலுவலக வாசலிலிருந்து நாலு கடை தள்ளி, ஒரு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். என் பேர் எங்கேயும் வரவில்லை. நானும் எங்கேயும் வரவில்லை.

ஒரே வாரத்தில் மருத்துவமனைச் செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்தது. அன்றைக்கே ஒரு மருந்துக்கடைக்காரரைப் பிடித்துவிட்டேன். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு தரத் தயார். பெருமை தாங்காமல் சகலைக்கு நானே போன் செய்து சொன்னேன். பிறகு மருந்துக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காட்டப் போனேன்.

தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. டங். டங். டங்.

கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் கட்டில், எங்கள் பீரோ, ஜன்னலோரமாகத் தையல் மிஷின். முன்னறைச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி தொங்கியது. அதில் நான் தலையிலிருந்து கால் வரை தெரிந்தேன். அவ்வளவு பெரிய மடையனாக என்னை நான் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, என் மனைவி அடுத்த ஆணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே!"

"செருப்பை ஓரமா விடுங்க" என்றாள் திரும்பாமல்.

"இவர் வீட்டை வாங்க வந்திருக்கார்!"

"இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றாள் மருந்துக்கடைக்காரரிடம், ரொம்ப மரியாதையாக. "இங்க நாங்க குடியிருக்கோம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எதிரிக்கும் வேண்டாம். போய்விட்டார்.

"ஏய்! இது என் வீடு! என் திட்டம்! என் உழைப்பு!"

"யார் பேர்ல இருக்கு?"

ஒரேயடியாக வெடித்தேன். "அப்படியா சேதி? இப்பவே மாடிக்குப் போறேன். நான்தான் உன் புருஷன்னு டாக்டர்கிட்ட சொல்றேன். ஏமாத்தி வாங்கினீங்கன்னு மனுஷன் கோர்ட்டுக்குப் போகட்டும். வீடே போனாலும் பரவாயில்லை. எனக்கில்லாத வீடு உனக்கு எதுக்கு!"

அவள் தடுக்கவில்லை. கையிலிருந்த ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு குளியலறைச் சுவரை அளக்கப் போனாள்.

தடதடவென்று மாடிப்படி ஏறினேன். டாக்டர் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இன்னொரு காலி நாற்காலி.

"டாக்டர்! உங்களை ஏமாத்திட்டோம்! கீழ இருக்காளே, அவ புருஷன் நான்தான்!"

"தெரியும் தம்பி. உட்காருங்க."

"தெரியுமா?"

"உங்களை வெயில்ல நிக்க வெச்சாளே, அன்னிக்கே சொல்லிட்டா. எல்லாத்தையும். மறைச்சு வாங்கற வீட்ல தூக்கம் வராதுன்னு சொன்னா."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "எங்க முதலாளிக்கு?"

"அவர் நாற்காலிலதான் உட்கார்ந்திருக்கீங்க. நீங்க கீழ குளியலறைல பேசறதெல்லாம் அந்தக் கூண்டு வழியா இங்க தெளிவாக் கேக்கும். அதைக் கேக்கறதுக்குன்னே மனுஷன் காப்பி குடிக்க வருவார். முதல் நாளே உங்களை வேலையை விட்டுத் தூக்கறேன்னுதான் குதிச்சார். ஆனா நீங்க ஓட்டின ஆளெல்லாம் அவர் கடைல வந்து வேற வீடு வாங்கறாங்களே! விக்கிறவனுக்குத் தெரிஞ்சு வாங்கினா தப்பில்லைன்னு அவரே சொல்லிட்டார். பேசாம தொழிலைப் பாருங்க. நல்லா வருது உங்களுக்கு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இருந்ததையெல்லாம் படிக்கட்டிலேயே செலவழித்துவிட்டிருந்தேன். ஒரே ஒரு நப்பாசைதான் மிச்சம் இருந்தது.

"அது போகட்டும் டாக்டர். நான் அத்தனை பேரை ஓட்டினதாலதானே விலையை இறக்கினீங்க? அதையாவது ஒத்துக்குங்க."

"அதுக்கா? சேச்சே! இந்தத் தெருல எனக்கு ஆளா கிடைக்காது? மருத்துவமனை வரப்போறதுகூட உங்களுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

"பின்ன எதுக்கு இறக்கினீங்க?"

டாக்டர் முதல் தடவையாக என் வாயை விட்டுவிட்டு என் கண்ணைப் பார்த்தார்.

"பரிதாபம்தான். கல்யாணம் ஆனதிலேருந்து உங்களோட குடித்தனம் பண்றேன்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கலை." காற்றுக் கூண்டுப் பக்கம் தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தார். "என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

கீழே சுத்தியல் சத்தம் நின்றது. வாய் நிறைய ஆணியோடு ஒரு குரல் மேலே வந்தது.

"ம்."